கோமு சொன்ன பேர்

கோமுவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், புருஷன் பேரைச் சொன்னவள் என்பார்கள். அதோடு முடித்துவிடுவார்கள். யாருக்குப் பிரசவம் என்றாலும் வெந்நீர் வைக்க முதல் ஆளாய் ஓடினாளே, அதெல்லாம் இந்த ஊருக்கு மறந்துபோயிற்று. நல்லா இருக்கட்டும் இந்த ஊர். எனக்குத்தான் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலி டவுணில் கலகம் நடந்ததே, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவள் சிவசைலத்துக்குப் பெண்டாட்டியாக எங்கள் ஊருக்கு வந்தாள். எங்கள் ஊர் ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. டவுணில் பிறந்த பெண்தான், ஆனாலும் வந்த புதிதில் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருப்பாள். மாமியார் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். அவளைப் பேச வைத்தது கும்மி.

அம்மன் கோயில் கொடைக்கு முளைப்பாரி போட்டால் ஏழு நாளும், விளக்கு வைக்கிற நேரத்தில், அதைச் சுற்றி நாங்கள் கும்மி கொட்டுவோம். பதின்மூன்று பேர். அந்த ஏழு நாளும் வட்டத்துக்குள் மாமியார் கிடையாது, மருமகள் கிடையாது. மனசில் குறை இருக்கிறவள் அதைப் பாட்டாகவே பாடலாம். ஆனால் புருஷன்மேல் குறை என்றால் என்ன செய்வது? அவன் பேரைத்தான் பெண்டாட்டி சொல்லக் கூடாதே. அதனால் பேர் வருகிற இடத்தில் ‘யாரு?’ என்று கேட்டு நிறுத்துவாள். மற்றவர்கள் சேர்ந்து பேரைச் சொல்ல வேண்டும். முளைப்பாரிக்கு முன்னால் வட்டமே ஒருத்தன் பேரைச் சொல்லிவிட்டால் மறுநாள் அவனை ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டு விசாரித்தாக வேண்டும். எங்களுக்குக் கோர்ட்டு, கச்சேரி எல்லாம் அதுதான்.

கோமு வந்த மூன்றாவது கொடையில் வடிவம்மாள் பாடினாள். முதுகில் விறகுக்கட்டை பட்ட காயம் ரவிக்கைக்கு மேலே தெரிந்தது.

ஆத்துத் தண்ணிக்குக் கரை இருக்கு – என்னை
அடிக்கிற கைக்குக் கரை இல்லை
யாரு கையது, யாரு கை?

அவள் புருஷன் அம்பலவாணன் எதிரே கோயில் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். முரட்டு ஆள். எல்லோரும் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே கையை மட்டும் தட்டினார்கள். அப்போது இந்த ஊமைக் கோமு கணீரென்று, “அம்பலவாணன்” என்றாள். ஒரு வாய் திறந்ததும் மற்ற வாய்களும் திறந்துகொண்டன. மறுநாள் ஊர் அவனைக் கூப்பிட்டு அம்மன் முன்னால் விழச் சொன்னது. விழுந்தான். அதன் பிறகு அவன் கையை ஓங்கவில்லை.

அன்றிலிருந்து கோமு வேறு ஆள். அவள் இட்டுக்கட்டாத பாட்டில்லை. தன் கறுப்பு நிறத்தைக்கூடக் கேலி பண்ணிப் பாடுவாள். நாங்கள் சிரிப்பில் தாளத்தை விட்டுவிடுவோம். எனக்கு உள்ளூரிலேயே கலியாணமாகி நானும் வட்டத்துக்கு வந்ததும் என்னைக் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். “வீட்டுல நான் ஒரு பானை சட்டி மாதிரிட்டி. இங்க வந்து நின்னாத்தான் நானும் ஒரு ஆளுன்னு தோணுது” என்று ஒரு தடவை சொன்னாள்.

ஏழு வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. சிவசைலம் இரண்டாம் தாரம் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. பெண் யார்? வடிவம்மாளின் மகள் சொர்ணம், பதின்மூன்று வயசு. கொடை முடிந்த மறுமாதம் கலியாணம். கோமுவை டவுணில் அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாம். கோமு அழவில்லை. கொடை வரட்டும், வட்டம் கேட்கும், ஊர் அவரைக் கூப்பிட்டு நிறுத்தும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நம்பிக்கை எங்கள்மேல், பாவி மகளுக்கு.

ஏழாம் நாள் பாடினாள்.

ஏழு வருசம் ஆக்கிப் போட்டேன் – என்னை
எறங்கிப் போன்னு சொல்லுதாரு
யாரு அவரு, யாரு அவரு?

ஐந்தே எழுத்து. சிவசைலம். சொல்லியிருந்தால் முடிந்தது.

வடிவம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தட்டினாள். மற்றவர்கள் வடிவம்மாளைப் பார்த்தார்கள். நான்? எனக்கும் கலியாணமாகி நாலு வருஷம், வயிறு திறக்கவில்லை. என் மாமியார் எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலடிக்கு மலடி துணை என்று ஒரு பேச்சு கிளம்பினால், அடுத்து பெண் பார்ப்பது என் வீட்டில்தான். அப்படி யோசித்து வாயை மூடிக்கொண்டேன். தூ, நானும் ஒரு பெண்ணா.

கோமு மறுபடியும் பாடினாள். கை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் தடவை அவள் குரல் உடைந்துவிட்டது. ஒருத்தி முகத்தையும் விடாமல் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவளே, பாட்டாக இல்லாமல் சும்மா பேசுகிற குரலில், “சிவசைலம்” என்றாள்.

அதுவரை செத்துக் கிடந்த வாய்களுக்கெல்லாம் அப்போது உயிர் வந்துவிட்டது. அவள் மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். புருஷன் ஆயுசைக் குறைக்கப் பார்த்துவிட்டாள் என்று முதலில் கத்தியது வடிவம்மாள். ஆண்கள் எழுந்து வந்தார்கள். ஊர் விசாரித்தது, சிவசைலத்தை அல்ல, அவளை. அம்மன் முன்னால் புருஷன் பேரைச் சொன்னவள் இந்த ஊர் அடுப்பில் இனிமேல் உலை வைக்கக் கூடாது என்று தீர்ப்பும் ஆயிற்று. விடிந்ததும் வண்டி கட்டினார்கள்.

ஆனால் இதைவிட மோசமான ஒன்று அதற்கு முன்னாலேயே நடந்தது. கோமு வட்டத்தைவிட்டு வெளியே போனாள் அல்லவா? யாரும் சொல்லாமலே நாங்கள் ஆளுக்கு அரை அடி நகர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டோம். கடைசி நாள் கும்மியைப் பாதியில் விடக் கூடாதாம். கொட்டி முடித்தோம்.

நாலு வருஷம் கழித்து நெல்லையப்பர் ஆனித் தேருக்கு டவுணுக்குப் போயிருந்தேன். இடுப்பில் என் ஒரு வயசுப் பையன். விசாரித்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் உலக்கையைச் சாத்திவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அவளை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அடுத்த வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் நாக்கு அரித்தது.

“அக்கா, அன்னைக்கு நானும் பேரைச் சொன்னேன். பையச் சொன்னேன், ஒனக்குக் கேக்கலை போல” என்றேன்.

“பையச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கும்ட்டி. ஒன் பக்கத்துலதான நின்னேன்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பசிக்கும், உள்ளே வா என்று சொல்லி, என் பையனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.