தரப்படுத்தப்படாத சோறு

பாரிசவாதம் வந்தவர்களின் கை எவ்வளவு மீண்டிருக்கிறது என்று அளந்து அளந்தே நான் பேராசிரியரானேன். துறைமுகத்தைப் பார்த்திருந்த எங்கள் ஆய்வுகூடத்தில் அதற்கென ஒரு பெட்டி இருந்தது. உள்ளே மரக்கட்டைகள், கண்ணாடிக் குண்டுகள், ஒரு கிளாஸ். ஏதோவொரு குளிர்நாட்டில் வகுத்த சோதனை. அதன்படி மனிதனுக்குக் கை இருப்பது கட்டையைத் தூக்கி மேல்தட்டில் வைப்பதற்காக.

கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் வலது கை செயலிழந்து எங்களிடம் வந்தார். சில மாதப் பயிற்சியில் எல்லாக் கட்டைகளையும் மேல்தட்டில் ஏற்றினார். ‘மிகச் சிறந்த முன்னேற்றம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“கட்டைய ஆர் சேர் தின்னுற?” என்றார்.

வீட்டில் மனைவிதான் சோற்றைப் பிசைந்து அவருடைய வாயில் தீத்திவிடுகிறாராம். பெருநாள் கழிந்து மகளின் கலியாணம். அங்கே சகன் வைப்பார்கள்: ஒரு பெரிய தட்டில் புரியாணி, சுற்றிவர ஆறு பேர், எல்லாருடைய வலது கையும் அதற்குள்.

“பொண்ணுட வாப்பா சகன்ல இடது கைய வைக்க ஏலா சேர். கரண்டியும் ஏலா.”

சோற்றைக் கொண்டே பயிற்சி கொடுக்க நினைத்தேன். நடைமுறை தெரியாதவனாக இருந்திருந்தால் ஒரு கோப்பை சோறு வாங்கியிருப்பேன். தெரிந்தவன் என்பதால் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தேன். சம்பாவா, நாட்டரிசியா என்று குழு கேட்டது. குழைவை எப்படி அளப்பீர்கள்? பங்குபற்றுநர் அதை விழுங்கினால் அது சிகிச்சையா, உபசரிப்பா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். சோறு தரப்படுத்தப்படாத பொருள் என்று முடிவு வந்தது. அந்த முடிவு வருவதற்கு வெகுமுன்பே என் உதவி விரிவுரையாளர் தினமும் தன் மதியச் சோற்றுப் பார்சலைக் கடைக்காரர் முன்னால் விரிக்கத் தொடங்கியிருந்தார். அந்த நேரங்களில் நான் யன்னலால் கப்பல் பார்த்தேன்.

கலியாணத்தன்று கடைக்காரர் தன்னுடைய சகனிலேயே என்னை இருத்தினார். முதல் பிடி பாதி வழியில் உதிர்ந்தது. பக்கத்தில் இருந்த மனைவியின் தம்பி இறைச்சியைப் பிய்த்து அவருடைய வாயருகே கொண்டுபோனார். அவர் முழங்கையால் தள்ளினார்.

“விடுங்க மச்சான். நான் தின்னுவன்.”

தின்றார். தோளை உயர்த்தி, உடம்பைச் சாய்த்து, என் கட்டுரைகளில் நான் கண்டித்த அத்தனை பிழையான அசைவுகளையும் செய்து தின்றார். ஒவ்வொரு பிடியிலும் பாதிதான் வாய்க்குள் போனது. சகனில் ஒருவர் முடிக்குமுன் மற்றவர் எழும்புவது மரியாதையில்லை. அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மண்டபப் பொறுப்பாளர் வந்து இருமிப் பார்த்துவிட்டுப் போனார். எங்களில் ஒருவரும் அசையவில்லை.

பின்னால் நின்றவரிடம் அவர் தலை நிமிராமலே சொன்னார்:

“கொஞ்சம் இருங்க காக்கா. சேர் இன்னும் அளந்து முடியல்ல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அடுத்த பிடியை உருட்டத் தொடங்கினார். என் விரல்களில் சோறு காய்ந்து ஒட்டிவிட்டது.