கைபேசிக்கு வராத பக்கங்கள்

கைபேசியில் நட்சத்திரக் குறியைத் தொட்டதும் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. சேமித்தவை எதுவும் இல்லை என்று அதன் நடுவில் ஒரே ஒரு வரி. இராமநாதபுரத்தில் எங்கள் வாடகை வீட்டின் சமையலறையில், ஒரு கையில் கரண்டியோடு, அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தது இன்றும் நினைவிருக்கிறது. கூடத்தில் என் மகள் பாயில் உட்கார்ந்து பொரி பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள் அவள். மதுரையில் அறுவை சிகிச்சை செய்து, வலது காதுக்குள் கருவி பொருத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

கருவி வைத்துவிட்டால் மறுநாளே பிள்ளை கூப்பிட்ட குரலுக்குத் திரும்பும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மதுரையில் பேச்சுப் பயிற்சி தந்த அம்மா அதை முதல் நாளே திருத்தினார். "சத்தம் உள்ள போயிரும்மா. அது என்ன சத்தம்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்" என்றார். வாரம் ஒருமுறைதான் மதுரைக்குப் போக முடியும். மற்ற நாட்களில் நான்தான் ஆசிரியை. என் கணவர் அப்போது வளைகுடாவில் வேலை பார்த்தார். அறுவைக்குக் காத்திருந்த காலமெல்லாம், நான் வேலை பார்த்த இறால் ஏற்றுமதி அலுவலகத்தின் கணினியில், மதிய உணவு நேரத்தில் தேடித் தேடிச் சேர்த்திருந்தேன். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பேச வைத்த தாய்மார் எழுதிய பக்கங்கள், பயிற்சி விளக்கங்கள், விதவிதமான ஒலிகள். ஒவ்வொன்றையும் புக்மார்க் செய்து, ஆங்கிலத் தலைப்பை அழித்துவிட்டு, 'ஆடு', 'ரயில்', 'மழை' என்று தமிழில் பெயர் மாற்றி வைத்திருந்தேன். அலுவலகத்தில் வைத்தது கைபேசிக்குத் தானாகவே வந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். தேவைப்பட்ட நாளில் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை.

அதே வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எல்லாக் கிளைகளிலும் கணினிகளைத் துடைத்துப் புதிதாக அமைக்கப் போகிறார்கள், நிறுவனக் கோப்புகள் மட்டும் காக்கப்படும், சொந்தமாக வைத்திருப்பவை போய்விடும். மறுபடி தேடிக்கொள்ளலாமே என்று யாரும் கேட்கலாம். எது எங்கே கிடைத்தது என்று எனக்கே தெரியாது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று வழி மறந்து போய்ச் சேர்ந்த இடங்கள் அவை. பயிற்சிக்கான காலமோ குறைவு. இந்த வயதில் பிடிக்காத ஒலியைப் பிறகு பிடிப்பது கடினம் என்று மதுரையில் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் மேலாளர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். அலுவலகக் கணினியில் யாராவது சினிமாச் செய்தி பார்த்தால்கூடப் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். அவரிடம் போய் நிற்க எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைக்குக் காது கேட்காது என்பதையே அலுவலகத்தில் நான் அதுவரை சொன்னதில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவருக்கும் இதெல்லாம் தெரியாது. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைப்பதும் இறக்குவதுமாக, உதவிப் பக்கங்களை வரி வரியாக வாசித்தார். வாசித்து முடித்ததும் அவர் சொன்னதை நான் பின்னாளில் வேறு எத்தனையோ காரியங்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். "முதல்ல ஒரு நகல் எடுத்து வச்சுக்குவம்மா. அப்புறம் கை வைப்போம்." புக்மார்க்குகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து, என் மின்னஞ்சலுக்கு அனுப்பினார். அது வந்து சேர்ந்ததைத் திறந்து காட்டிய பிறகுதான் என் கைபேசியைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்தது என் கணக்கே இல்லை. கணவர் விடுமுறையில் வந்தபோது வாங்கித் தந்த கைபேசி. தன் கணக்கைப் போட்டே அவர் பிரவுசரையும் திறந்து கொடுத்திருந்தார். என் கணக்கை மாற்றிப் போட்டோம். அப்போதும் வரவில்லை. அலுவலகக் கணினியின் அமைப்பைத் துழாவியபோது இரண்டாவது முடிச்சு தெரிந்தது. ஒரு சாதனத்தில் சேமித்ததை மற்றொன்றுக்கு அனுப்பும் வசதியையே தலைமை அலுவலகம் நிறுத்தி வைத்திருந்தது. நான் வைத்த எதுவும் அந்தக் கணினியைவிட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை.

கோப்பு கையில் இருந்தாலும் கைபேசியில் அதை நேரே ஏற்ற வழியில்லை. ஒரு கணினி வேண்டும். என் வீட்டில் இல்லை. "ஞாயித்துக்கிழமை நானும் வீட்டுக்காரியும் வாரோம்" என்றார். அதற்குள் ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று, எங்கள் கிளையின் முறையைத் தள்ளிவைக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கும் பேசினார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் யாரிடமோ, "சரிங்க, சரிங்க, எம் பொறுப்புங்க" என்று பலமுறை சொல்வது கேட்டது. மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

ஞாயிறன்று தன் மடிக்கணினியோடும் மனைவியோடும் வந்தார். அவர் மனைவி ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் கொண்டுவந்திருந்தார். மேலாளர் கூடத்தில் உட்கார்ந்து என் கணக்கில் நுழைந்து கோப்பை ஏற்றினார். சிறிது நேரத்தில் கைபேசியில் அந்த வெள்ளைப் பக்கம் நிறைந்தது. நான் அதோடு போதும் என்றேன். அவர் விடவில்லை. எல்லாம் ஒரே குவியலாக வந்திருக்கிறது, பாதிப் பக்கங்கள் இன்று இருக்கின்றனவா என்று தெரியாது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடலாம் என்றார். நான் காபி போட உள்ளே போனேன். என் காதில் விழ வேண்டும் என்று அவர் ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் சத்தமாக வாசித்துக்கொண்டே திறந்தார்.

"ஆடு... இருக்கும்மா. ரயில்... இது போயிருச்சு, எடுத்துரவா?"

எடுத்துவிடச் சொன்னேன். என் மகள் அவருக்கு முதுகைக் காட்டியபடி வாசற்படியில் பாத்திரங்களை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் சொன்ன ஒன்றிரண்டு சொற்களும் என் வாயைப் பார்த்துச் சொன்னவை. பயிற்சி தந்த அம்மா தன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினால், விழித்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

"மழை..." என்றார் மேலாளர். இணையம் மெதுவாக இருந்ததால் அந்தப் பக்கம் இன்னும் திறக்கவில்லை. எந்த ஒலியும் வரவில்லை.

"மயெ" என்றாள் என் மகள், திரும்பாமலே.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். மேலாளர் ஏதும் அறியாமல் அடுத்த பெயருக்குப் போயிருந்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "இன்னொரு தடவை சொல்லட்டுமாம்மா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். பிறகு, சத்தத்தை உயர்த்தாமல், இருந்த இடத்திலிருந்தே, "மழை" என்றார். அவள் இம்முறை திரும்பி அவரைப் பார்த்து, வெயில் கொளுத்திக்கொண்டிருந்த தெருவைக் கை காட்டி, "மயெ" என்றாள். அவர் மனைவி அவளை வாரி எடுத்துக்கொண்டார். அன்று காபி போட்ட நினைவே எனக்கு இல்லை.

அவர் அன்று வராமல் இருந்திருந்தாலும் அந்தச் சொல் ஒருநாள் வந்திருக்கும் என்று பயிற்சி தந்த அம்மா சொன்னார். உண்மையாக இருக்கலாம். இருந்தாலும், என் பிள்ளை கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் வாங்கிய முதல் சொல், வாயைத் திறந்தால் கண்டிப்புத்தான் என்று நாங்கள் நினைத்திருந்த ஒருவரின் வாயிலிருந்து வந்தது. அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு பிறகு நானும் அவளும் எத்தனையோ மாலைகளைக் கடந்தோம். அவள் பள்ளிக்குப் போன பிறகு அவை தேவைப்படவில்லை. என்னைப் பார்த்து அவளும் அவரை 'சார்' என்றே கூப்பிடப் பழகினாள்.

இப்போது அவள் என்னைவிட உயரம். சென்ற மாதம் அலுவலகத் தோழி ஒருத்தியின் வீட்டுக் கல்யாணத்தில் மேலாளரைப் பார்த்தோம். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரிலேயே இருக்கிறார், உடம்பு மெலிந்திருந்தது. மேளச் சத்தத்தில் மண்டபமே அதிர்ந்துகொண்டிருக்க, என் மகள் அவருக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்து எதையோ கேட்டாள். அவர் புரியாமல் சிரித்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "எனக்கு இப்பல்லாம் எடது காது மட்டுந்தான் ஆத்தா கேக்குது" என்றார்.

"எனக்கு வலதுதான் சார். அப்ப நான் அங்கன வந்து உக்காந்தா ரெண்டு பேருக்குமே சரியா இருக்கும்" என்று எழுந்து, நாற்காலியைத் தூக்கி அவருக்கு மறுபக்கம் போட்டுக்கொண்டாள்.

தாலி கட்டி முடியும்வரை இருவரும் தலையோடு தலை சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பேசிய ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை.