குலுக்கலில் விழுந்த காந்த நாற்காலி

லொர்னா டிபெட்டுக்கு வெள்ளை நிறம் என்றாலே பற்றிக்கொண்டு வரும். சனிக்கிழமைப் போட்டிகளுக்குப் பெண்கள் வெள்ளைக் கால்சட்டைதான் போட வேண்டும் என்பது அவளுடைய பௌல்ஸ் கிளப்பின் சட்டம். புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்துக்கு எந்த நிறமாயிருந்தால் என்ன என்று பக்கத்து ஊர்க் கிளப்புகளெல்லாம் எப்போதோ மாறிவிட்டன. இங்கே மட்டும் ஓட்டெடுப்பு நடத்தி வெள்ளையைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு முதலில் கை தூக்கியவளே லொர்னாதான். சொந்தச் செலவில் சூனியம்!

மூன்று பிள்ளை பெற்றவள். மூன்றும் குண்டுக் குழந்தைகள். ஆரஞ்சுப் பழம் கட்டும் கொட்டகையில் பாதி ஆயுளுக்குப் பெட்டி தூக்கியவள். அறுபதைத் தாண்டிய பிறகு இருமினால் சிறுநீர் சொட்டுகிறது, தும்மினால் சொட்டுகிறது. பந்து உருட்டக் குனியும்போதுதான் படுமோசம். அணித் தலைவி குனியாமல் எப்படி ஆடுவாள்? உள்ளே நாப்கின் வைத்துப் பார்த்தாள். ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றங்கரை வெயிலில் ஒரு மதியம் முழுக்க நின்றால் அதுவும் கைவிட்டது. டாக்டர் சொன்னபடி இடுப்படித் தசையை இறுக்கி இறுக்கி விட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் செய்கிறோமா என்று யாருக்குத் தெரியும்? அடுத்த மாதம் இறுதிப் போட்டி. முழங்கால் வலி என்று பொய் சொல்லி விலகிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள்.

அப்போதுதான் கிளப்பின் வெள்ளிக்கிழமைக் குலுக்கலுக்கு, ஊருக்குப் புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு பரிசு கொடுத்தாள்: காந்த நாற்காலியில் ஆறு முறை சிகிச்சை.

"போட்ட துணியோட அரைமணி உக்காந்தா போதும். ஊசி கிடையாது, உள்ள எதுவும் போகாது. சீட்டுக்கு அடியிலேர்ந்து காந்தம் துடிச்சுத் துடிச்சு, அடித்தசையத் தானா சுருங்க வைக்கும்" என்று மைக்கில் விளக்கினாள். "எல்லாருக்கும் முழுசா நின்னுடும்னு சொல்லமாட்டேன். நிறையப் பேருக்குக் குறையுது. பேஸ்மேக்கரோ இடுப்புல இரும்போ இருந்தா மட்டும் உக்காரக் கூடாது."

கிளப்பின் பார் முழுக்க ஒரே சிரிப்பு.

காசு கொடுத்தே போகலாம்தான். ஆனால் அந்த பிசியோவின் கிளினிக் வரவேற்பில் இருப்பவள் கிளப் செயலாளரின் மகள். பெயரைச் சொன்னால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். குலுக்கலில் புருஷனுக்கு விழுந்தது, வீணாவானேன் என்று போனதாகச் சொன்னால் யார் வாயைத் திறக்க முடியும்? லொர்னா கை நிறையச் சீட்டு வாங்கினாள். எல்லாவற்றிலும் புருஷன் கிளைவ் பெயரை எழுதினாள். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் வினை.

சீட்டு விழுந்தது. கிளைவ் எழுந்து ராஜா மாதிரி குனிந்து வணங்கிப் பரிசு உறையை வாங்கினான். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். இந்தக் கிளப்பில் விழுந்த பரிசை அங்கேயே மாற்றிக்கொள்வது வழக்கம். லொர்னா கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் கையில் உறை இல்லை. குலுக்கலில் மெர்வுக்கு விழுந்திருந்த, ஆட்டுக்கறியும் சாசேஜும் அடுக்கிய பெரிய தட்டு இருந்தது.

"பாத்தியா லொர்னா! அந்த நாற்காலிய மெர்வ் தலையில கட்டிட்டேன்!"

"யோவ், என்ன காரியம்யா பண்ணி வச்சிருக்க?"

"ஞாயித்துக்கிழமைக்குக் கறி வேணாமா?"

"கறி நான் கேட்டேனா?"

"பின்ன, நாற்காலியா கேட்ட?"

இவனுக்கு வீட்டுப் புல் ஒரு விரற்கடை அதிகம் வளர்ந்தால் தெரியும். பெண்டாட்டி இரண்டு வருஷமாகத் தினம் படுக்கை விரிப்பைத் துவைப்பது தெரியாது. தட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மெர்விடம் போனாள்.

மெர்வ் கிளப்பின் புல்தரையைப் பராமரிப்பவன். கதவை அடைக்கும் உடம்பு. உறையைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிவிட்டான்.

"மெர்வ், அதத் திருப்பிக் குடு."

"மாத்துனா மாத்துனதுதான், லொர்னா."

"உனக்கு எதுக்கு அது?"

"உனக்கு எதுக்கு?"

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. செயலாளர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். லொர்னாவுக்கு முகம் கொதித்தது. பொய் சொல்லி, ஒளித்து, ஓடி, அலுத்துப் போயிருந்தது.

"எனக்குச் சொட்டுது, மெர்வ். குனிஞ்சா சொட்டுது. வெள்ளக் கால்சட்டையில நின்னு ஆட முடியல. போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து கிளைவின் குரல் வந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஒரு நாளாவது கேட்டியா?"

மெர்வ் பொத்தானைக் கழற்றி உறையை எடுத்தான். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எனக்கும்தான்" என்றான் கடைசியில். "புராஸ்டேட் ஆபரேஷன்லேர்ந்து."

இருவரும் கறித்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாற்காலியும் கறியும் ஆளுக்குப் பாதி" என்றாள் லொர்னா.

"சரி. நீ முதல்ல போ, உனக்குப் போட்டி இருக்கு. நான் நாள் பூரா குழாயும் கையுமா புல்லுக்குத் தண்ணி விடறவன். எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எவன் கண்டான்?"

லொர்னா வாய்விட்டுச் சிரித்தாள். சொட்டத்தான் செய்தது. சொட்டட்டும் என்று அங்கேயே நின்று சிரித்தாள்.