பொன்னுச்சாமி வயிற்றில் இறங்கிய கருப்பசாமி

கடலாடிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மிளகாய்க் காடு வைத்திருந்த பொன்னுச்சாமிக்கு, வாய் மட்டும் நாற்பது ஏக்கர். அறுபது வயதுவரை ஊசி போட்டுக்கொண்டதில்லை என்பதைப் பட்டம் வாங்கியவர் மாதிரி சொல்லித் திரிவார். உண்மையில் ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு உதறல். பீடியை மட்டும் விட்டதில்லை.

2007இல் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தவர், தொப்புளுக்கு மேலே வயிறு தானாகத் துடிப்பதைப் பார்த்தார். பதறிப்போய் மனைவி இருளம்மாளைக் கூப்பிட்டார். அவள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம கருப்பசாமி எறங்கிருக்காருங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேறு என்னவோ என்று பயந்திருந்தவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஊர் சும்மா விடுமா? மாடு தொலைந்தவர்கள் வந்தார்கள், பெண்ணுக்கு வரன் தேடுகிறவர்கள் வந்தார்கள். பொன்னுச்சாமி வயிற்றின்மேல் ஒரு வெற்றிலையை வைத்துக்கொண்டு படுப்பார். கேட்டதும் வெற்றிலை துள்ளினால் காரியம் கைகூடும். அது யாரையும் ஏமாற்றியதில்லை. எந்நேரமும் துள்ளிக்கொண்டுதானே இருந்தது! டீக்கடையில் அவரைக் கண்டால் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

மகள் நாகலெட்சுமிக்குச் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அடுத்த பொங்கலுக்கு வந்தவள் வெற்றிலை துள்ளுவதைப் பார்த்தாள். கடித்துக்கொண்டிருந்த கரும்பைப் போட்டுவிட்டு, தகப்பனின் வயிற்றில் இரண்டு பக்கமும் கை வைத்தாள். ஒவ்வொரு துடிப்புக்கும் கைகள் விலகின. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அய்யா, இது சாமியில்ல. நெஞ்சுலருந்து எறங்கி வார பெரிய ரத்தக்குழாய் வீங்கிருக்கு. வெடிச்சா ராம்நாடு போய்ச் சேரக்கூட நேரமிருக்காது. நாளைக்கே மதுரைக்குப் போகணும்."

இருளம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "குடியிருக்க வந்த சாமிய அறுத்து எடுக்கச் சொல்றியாடி?"

"வயித்த அறுக்க மாட்டாகம்மா. தொடை வழியா சின்னக் குழாய விட்டு, வீங்குன எடத்துக்குள்ள இன்னொரு குழாய முட்டு மாதிரி வச்சு அண்டக் குடுப்பாக. ரத்தம் அதுக்குள்ள ஓடிரும், வீக்கம் துடிக்காது."

பொன்னுச்சாமி மெதுவாகக் கேட்டார். "சென்னையில நீ எலிக்கெல்லாம் இதுக்குத்தான வைத்தியம் பாக்குறேன்னு சொன்ன?"

"ஆமாய்யா. நானோ துகள்னு, கண்ணுக்குத் தெரியாத தூசி. ரத்தத்துல விட்டா, குழாய் நைஞ்சுபோன எடத்தத் தேடிப் போயி ஒட்டிக்கிரும். எங்கன வீக்கம்னு ஸ்கேன் படத்துல காட்டும். அதுலயே மருந்தையும் ஏத்தி அனுப்பிப் பாக்குறோம்."

"அதையே எனக்கும் விடு. மதுரை எதுக்கு?"

"இப்ப எலிக்கு மட்டுந்தான்யா. மனுசருக்கு வர வருசக்கணக்காகும்."

"ஒரு எலிக்கு இருக்க யோகங்கூட எனக்கில்லையா?"

அவர் சிரித்தார். நாகலெட்சுமி சிரிக்கவில்லை, அழுதுவிட்டாள். அவள் அழுது அவர் பார்த்து வெகுகாலமாயிற்று. வெற்றிலையை எடுத்துக் கீழே வைத்தார்.

"சாமிதான்னு நானும் முழுசா நம்பலத்தா. வேற என்னன்னு கேக்கப் பயம். அதான் சாமின்னே வச்சுக்கிட்டேன்."

மதுரையில் பரிசோதனை முடிந்து சிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகையில், "பயமா இருக்கா பெரியவரே?" என்று டாக்டர் கேட்டார். "ரொம்ப" என்றார் பொன்னுச்சாமி. அப்படிச் சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது.

நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு வந்தபின் இருளம்மாள் அவர் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். அசைவே இல்லை.

"சாமி போயிருச்சேங்க" என்று கலங்கினாள்.

"போகட்டும் புள்ள. நான் இருக்கேன்ல."