பால் காய்ச்சிய இரண்டு வீடுகள்

நகரத்தை விட்டு நாட்டுப்புறத்துக்குக் குடிபோவது நல்லதா கெட்டதா என்று இப்போதும் ஆட்கள் என்னைக் கேட்கிறார்கள். நல்லதையும் சொல்கிறேன். பிறகு என் வயிற்றெரிச்சலையும் சொல்கிறேன்.

சூரிச்சில் பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். இரண்டே அறை. கீழே இறங்கினால் டிராம், மூலை திரும்பினால் முருங்கைக்காய். எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே இருக்கிற கிழடுகளோடு சுவிஸ் ஜேர்மனில் சண்டை பிடிக்கிற அளவுக்குப் பாஷை வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் வீட்டை விட்டவருக்கு மறுபடி வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அது எனக்கும் தெரியும்.

என் அண்ணை மேற்கே, பிரெஞ்சு கதைக்கிற ஜூராவில் ஒரு கிராமத்தில் இருந்தார். கூடப்பிறந்த ஒரே அண்ணை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி கதையைத் தொடங்கினார்.

"ஏன் இந்தப் பெட்டிக்குள்ளை கிடந்து அவிஞ்சு சாகிறியள்? நான் வேலை மாறி சோலோதுர்ன் டவுனுக்குப் போறன். என்ரை வீட்டை நீங்கள் எடுங்கோ. அஞ்சு அறை, தோட்டம், நல்ல காத்து."

"பாஷை?" என்றேன்.

"அது தன்ரை பாட்டிலை வரும், பிள்ளை."

இங்கே தவணைக்கு முன்னம் வீட்டை விடுகிறவர், தனக்குப் பதிலாகக் குடிவர ஓர் ஆளைக் காட்ட வேண்டும். அண்ணைக்கு நாங்கள் கிடைத்துவிட்டோம். எங்கள் வீட்டுக்கு? "அது என்ரை பொறுப்பு. தெரிஞ்ச ஒரு குடும்பம் இருக்கு" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. கூடப்பிறந்தவரிடம் யார் எவர் என்று விசாரிப்பதா? வீட்டு நிர்வாகத்துக்கு நானே ஃபோன் எடுத்து, அண்ணை அனுப்புகிற ஆட்கள் நல்ல ஆட்கள், கண்ணை மூடிக்கொண்டு கொடுங்கள் என்றேன். என் வாயாலேயே சொன்னேன்!

ஜூரா வீட்டில் அண்ணையே முன்னின்று பால் காய்ச்சினார். கூடப்பிறந்ததுகள் பக்கத்தில் நிற்காமல் எங்கள் குடும்பத்தில் எவரும் புதுவீட்டில் பால் காய்ச்சியதில்லை. அன்றைக்குப் பால் பொங்கவில்லை, அடிப்பிடித்தது. "அடுப்புப் பழசு" என்று சிரித்தார்.

நல்லது என்னவென்றால், மகளுக்குத் தனி அறை கிடைத்தது. என் மனுசனுக்கு இருமல் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் பூசணிக்காய் வைத்துவிட்டுப் போவாள், நல்ல மனுசி. ஆனால் பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பிரெஞ்சு தெரியாதவளை எந்த முதியோர் இல்லம் எடுக்கும்? பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்தேன். தெருவில் போன்ஜூர் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாய்க்காரி என்று பெயர் எடுத்த நான் ஊமையாகிப் போனேன்.

ஒரு பனிக்காலம் பொறுத்தேன். "இனி என்னாலை ஏலாது, திரும்பிப் போவம்" என்று அழுதேன். இவரும் சரி என்றார். எங்கள் பழைய கட்டடத்தில் ஏதாவது வீடு காலியாகுமா என்று நேரில் கேட்க ரயில் ஏறினேன்.

வாசலில் வரிசையாகத் தபால்பெட்டிகள். எங்கள் பழைய பெட்டியில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

இந்த நாட்டுப் பதிவில் எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். எனக்கு அது கலியாணத்தோடு மாறிவிட்டது. அண்ணைக்கு மாறவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம். என் தலையில் மிளகாய் அரைக்க அந்தத் தசைக்கு எப்படி ஐயா மனம் வந்தது?

மேலே போய் மணியை அடித்தேன். இடுப்பில் கட்டிய சாரத்தோடு அண்ணை வந்து கதவைத் திறந்தார்.

"சோலோதுர்ன் எண்டு சொன்னியள்?"

"அது சரிவரேல்லை, பிள்ளை. உனக்குச் சொல்லத்தான் இருந்தனான். உனக்கு அந்த ஊர்க் காத்துப் பிடிச்சிருக்கும் எண்டு நினைச்சன்."

நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் படியேறினேன். அவருக்குப் பின்னால் என் குசினி தெரிந்தது. என் அடுப்பு. வாயில் வந்தது ஒரே கேள்வி.

"பால் காய்ச்சினீங்களோ, அண்ணை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றார். "நல்லாப் பொங்கினது."