த்ரோபால் கோர்ட்டில் ஒரு வழக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இர்விங்கில் அமெரிக்கத் தமிழ்ப் பெண்களின் த்ரோபால் போட்டி. எங்கள் ஊர் ரவுண்ட் ராக்கில் இருந்து காலை ஐந்தரைக்கே கிளம்பினோம் — ஒரு வேன், ஏழு பெண்கள், ஒரு பெரிய பாத்திரம் புளியோதரை. போட்டிக்குத் தயாரானோமோ இல்லையோ, சாப்பாட்டுக்கு நன்றாகவே தயாராகியிருந்தோம்.

ஏழாவது ஆள் மதி. விருதுநகர்ப் பெண், வயது முப்பத்து நான்கு, என் ஆபீசில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். திருநங்கை. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவளை டீமுக்குக் கூப்பிட்டபோது என் மனதில் சமத்துவம், சமூகநீதி எதுவும் இல்லை. அந்த உயரத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். கப் நமக்குத்தான் என்று ஒரு பேராசை!

முதல் நாள் பிராக்டிஸிலேயே தெரிந்துவிட்டது. பந்து வந்தால் மதி கண்ணை மூடிக்கொள்வாள். கீழே விழுந்த பந்தைப் பார்த்து "ஸாரி" என்பாள். பந்திடம்தான்!

இர்விங்கில் இறங்கி வார்ம்-அப் செய்துகொண்டிருந்தோம். எதிர் டீம் கேப்டன் சுதா, எங்கள் எல்லோருக்கும் பழக்கமானவர்தான், நேராகக் கமிட்டி டேபிளுக்குப் போனார். என்னவோ ஏதோ என்று நானும் பின்னால் போனேன்.

"அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. மதி ஆடறது ஃபேரா? என் பொண்ணு ஸ்கூல்ல ஸ்விம்மிங் பண்றா. தினமும் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போறா. நாளைக்கு அவ ரேஸ்ல இதே கேள்வி வந்தா நான் என்ன சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சுதா கெட்டவர் இல்லை. கேள்வியும் முட்டாள்தனமானது இல்லை. பெரிய போட்டிகளில் விவரம் தெரிந்தவர்களே இன்னும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. சிக்கல் என்னவென்றால்... அதை இங்கே தீர்த்துவைக்க உட்கார்ந்திருந்தவர் கமிட்டித் தலைவர் ராமநாதன் அங்கிள்.

பெண்கள் போட்டிக்குக் கமிட்டி, மூன்று ஆண்கள். ஏன் என்று கேட்காதீர்கள், நாங்களும் கேட்டதில்லை. ரூல் புக் என்பது ஒரே ஒரு தாள். அதில் முக்கால்வாசி பார்க்கிங் பற்றி.

"ஹைட் லிமிட் வெச்சுடலாம்" என்றார் அங்கிள். "அஞ்சடி எட்டுக்கு மேல யாரும் ஆடக் கூடாது."

சுதா பதறிவிட்டார். அவர் டீமின் பிரீத்தி ஆறடி.

"அப்ப வெயிட் பாக்கலாமா?" என்றார் இரண்டாவது மெம்பர். கோர்ட்டில் வார்ம்-அப் சட்டென்று நின்றது. அத்தனை பெண்களும் பார்த்த பார்வையில், மனிதர் தண்ணீர் பாட்டில் எடுத்து வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை.

"முன்னாடி ஸ்டேட் லெவல்ல ஆடினவங்க யாரும்..." என்று ஆரம்பித்தார் மூன்றாமவர். சுதா தொண்டையைக் கனைத்தார். காலேஜ் நாட்களில் தமிழ்நாடு டீமில் ஆடியவர் அவர்தான்!

கடைசியில் அங்கிள் குரலைத் தாழ்த்தினார். "பேசாம மதிய அம்பயரா போட்டுடலாமா? மரியாதையாவும் இருக்கும்..."

"அங்கிள்."

திரும்பினோம். மதி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"நான் இங்கதான் நிக்கிறேன். என்னைப் பத்தி என்கிட்டயே கேக்கலாமே."

அவளே தொடர்ந்தாள்.

"ஸ்கூல்ல பி.டி. பீரியட்னா நான் மட்டும் கிளாஸ்லயே உக்காந்திருப்பேன். பசங்க சேத்துக்க மாட்டாங்க. பொண்ணுங்க பக்கம் போனா வாத்தியார் விரட்டுவார். டீம் டி-ஷர்ட்னு ஒண்ணை இப்பத்தான் முதல் தடவையா போடுறேன். சுதாக்கா, நீங்க கேட்டது தப்பில்ல. உங்க பொண்ணு ரேஸுக்கு எனக்கும் பதில் தெரியாது. ஆனா... நான் பந்து பிடிச்சு நீங்க பாத்ததில்லையே?"

சுதா அங்கிள் பக்கம் திரும்பினார். "ஆடட்டும் அங்கிள். ஆனா நாங்க தோத்தா கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்."

"ஜெயிச்சா?" என்றேன் நான்.

"அப்பவும் பண்ணுவேன். பார்க்கிங் படு மோசம்."

மேட்ச் நடந்தது. பதினைந்துக்கு நான்கு. தோற்றது நாங்கள்.

மதி ஏழு பந்துகளை விட்டாள். ஒன்றைப் பிடித்தாள். கண்ணைத் திறந்துகொண்டு, இரண்டு கையாலும்! நாங்கள் ஆறு பேரும் கத்திய கத்தலில் பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்றது. மதி அந்தச் சந்தோஷத்தில் பந்தைத் திருப்பி எறிய மறந்துவிட்டாள். பிடித்த பந்தை மூன்று செகண்டுக்குள் எறிய வேண்டும் என்பது விதி; அது தாண்டி, பாயின்ட் அவர்களுக்கே போனது.

"பாத்தீங்களா, ஒரு பிரச்னையும் இல்லாம ஃபேரா முடிஞ்சுடுச்சு" என்று ராமநாதன் அங்கிள் பூரித்தார்.

தோற்றோம், அதனால் ஃபேர். பதினைந்து பாயின்ட்டையும் மதியே எடுத்திருந்தால்? இதே சிரிப்போடு புளியோதரைக்குத் தட்டை நீட்டியிருப்பாரா? அங்கிளிடம் கேட்கவில்லை. உயரத்தைப் பார்த்து ஆள் பிடித்த என்னிடமே கேட்டுக்கொண்டேன்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுதா மட்டும் மதியைக் கோர்ட்டுக்கு இழுத்துப் போனார். "கண்ணை மூடாதீங்க. பந்து உங்களை ஒண்ணும் பண்ணாது. விரலை விரிங்க... ஆங், அப்படித்தான்!" அரை மணி நேரம். அதற்குப் பிறகும் வாரா வாரம் வீடியோ காலில் கோச்சிங். ஸ்டேட் பிளேயர் ஆயிற்றே, லேசில் விடுவாரா?

நேற்றுப் பிராக்டிஸில் மதி வரிசையாக ஒன்பது பந்துகளைப் பிடித்தாள். இப்போது எங்கள் டீமிலேயே மோசமாக ஆடுவது நான்தான்.

இது மட்டும் ஃபேரா, சொல்லுங்கள்?