பச்சை வண்டிக்கு வெள்ளை அடிப்பவர்

எங்கள் மாமாவைக் கேட்டால், உலக சமாதானமே அவர் கையிலிருக்கும் ஸ்ப்ரே கன்னிலிருந்துதான் கிளம்புகிறது. ராணுவப் பணிமனையில் பெயிண்டர். சண்டை நடக்கும் ஏதாவது ஒரு நாட்டில் ஐ.நா. சார்பில் அமைதி காக்க நம் படை புறப்படும்போது, ஐ.நா.வின் நிறமென்று பச்சை வண்டிகளுக்கு வெள்ளை அடிப்பார். திரும்பி வந்தால் மறுபடி பச்சை.

"நமக்கு எதுக்கு மாமா இந்த வேலை?" என்று ஒருமுறை தெரியாமல் கேட்டுவிட்டேன். சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பெரிய நாடு பணத்தைக் கொடுக்கும், பிள்ளையைக் கொடுக்காது. குட்டி நாட்டுல கொடுக்க ஆளே இல்ல. நடுவுல இருக்கற நாமதான் படையை அனுப்பி, பெரியவங்க மேஜையில ஒரு நாற்காலி பிடிக்கணும்."

பொய்யில்லை. சும்மா இருக்கும் தளபதிகளுக்கு ஆட்சிமேல் ஆசை வரும், அதற்கு வெளிநாட்டு வேலை நல்ல மருந்து என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார். சம்பளம் வாங்குகிறவர் அல்லவா!

போன மாதம் வண்டிகள் திரும்பின. அதே வாரம், வார்டுக்கு ஆள் போதவில்லை என்று அரசு ஆஸ்பத்திரி நர்சுகள் சாலையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் மாமாவின் மகள். அன்று காலையிலேயே மேஜர் பணிமனைக்கு ஓடி வந்தார்.

"மத்தியானம் ஆஸ்பத்திரி ரோட்டுக்கு வண்டி போகணும். வெள்ளையோட போய் எவனாவது போட்டோ எடுத்தா நம்ம மானம் கப்பலேறிடும். பச்சை அடி!"

மகள் அங்கே இருப்பது மாமாவுக்குத் தெரியும். கம்ப்ரசர் ரிப்பேர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னதோ, "காய ஒரு நாள் ஆகும் சார்."

"போற வழியில காயும்யா."

அடித்தார். அதிலும் ஒரு திட்டு விழாமல் அடித்தார்.

சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்தாள். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. வண்டியாலேயே கூட்டத்தை நெட்டித் தள்ளியதில் வெள்ளைச் சீருடையில் தோளிலிருந்து இடுப்புவரை காயாத பச்சை அப்பியிருந்தது. மாமா பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து எடுத்து வந்தார். துடைக்கத் துடைக்க அது பரவியதே தவிரப் போகவில்லை.

அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முகம் தெரியாதவங்களைக் காப்பாத்தப் போறப்ப வெள்ளை அடிச்சு அனுப்பறீங்களேப்பா. எங்க மேல ஏத்தறதுக்கு மட்டும் பச்சையா?"

மறுநாள் அடுத்த படை கிளம்ப உத்தரவு வந்தது. அதே வண்டிகளுக்கு மறுபடி வெள்ளை. மாமா நேரத்துக்கு வேலைக்குப் போனார்.